மாரி மூஞ்சிக்கு வச்ச கலரு

மாரிசெல்வம் மூஞ்சிக்குக் கலரு சரிபண்ணிக்கிட்டு இருந்தான் திலீபன். மாரிசெல்வம் இருக்குறது கேரளாவுல, எறணாகுளம் பக்கம் ஒரு பிளைவுட் மில்லுல. திலீபன் நிக்கிறது அனுமந்தன்பட்டியில, அவன் தாய்மாமன் கோட்டைச்சாமி வீட்டு டிவி முன்னால, கையில ரிமோட்டோட. போன்ல வர்ற வீடியோ கால டிவியில பெருசாப் போட்டுப் பாக்குறதுதான் அந்த வீட்டுல வழக்கம். வெளக்கு வைக்கிற நேரத்துக்கு மகன் மாரி கூப்பிடுவான், வீடே டிவி முன்னால ஒக்காந்துரும். கொஞ்ச நாளா மகன் மூஞ்சி மஞ்சளா வருது, டிவியில ஏதோ கோளாறுன்னு, கேபிளும் நெட்டும் குடுக்குற திலீபன வரச்சொல்லி இருந்தாக.

"மாப்ள, அசையாம நில்லுடா. ஸ்டுடியோவுல போட்டோவுக்கு நிக்கிற மாதிரி."

"நிக்கத்தான செய்றேன் மச்சான். காலு கடுக்குது."

மாரி பொஞ்சாதி தேவயானி அப்பத்தான் தோட்டத்துல இருந்து வந்திருந்தா. ஆடிச் சாரல் விடாமப் பேஞ்சு, பந்தல்ல பழுத்த திராட்ச பூராம் வெடிச்சுப் போச்சு. கொலையில வெடிச்ச பழத்த மட்டும் கத்திரியால கழிச்சு எடுக்குற வேல. கையி ரெண்டும் பிசுபிசுன்னு புளிச்ச வாட. அழுகுன பழத்துல மொய்க்கிற பொடி ஈ, வீடு வரைக்கும் கூடவே வந்திருச்சு. கையக் கழுவக்கூடப் போகாம கதவோரம் நின்னு பாத்தா. மஞ்சத் தண்ணி ஊத்துன வேட்டி மாதிரி இருந்துச்சு புருசன் மூஞ்சி.

திலீபன் மொதல்ல செட்டாப் பாக்ஸுக்குப் பின்னாடி இருந்த ஒயரப் புடுங்குனான். செவப்பு, வெள்ள, மஞ்சன்னு ஒவ்வொண்ணா வாயில வச்சு ஊதி, வேட்டியில தொடச்சு, திருப்பிச் சொருகுனான்.

"மஞ்ச ஒயருலதான் படமே வரும் மாமா. அதுல தூசி அடஞ்சிருச்சு."

"அண்ணே, அது கேபிளுக்குல்ல. இவரு நெட்டுல வாராரு. அந்த ஒயருக்கும் இவருக்கும் என்ன?"ன்னா தேவயானி.

"நீ திராட்ச வெட்டப் போனமா வந்தமான்னு இரு தங்கச்சி. இது எலக்ட்ரானிக்ஸ்."

ஒயர ஊதியும் மஞ்ச மாறல. ரிமோட்ட அமுக்கி மெனுவத் தொறந்தான். படத்து மேல வரிசையா எழுத்து வந்துச்சு. தேவயானி அதையே உத்துப் பாத்தா.

"எழுத்து வெள்ளையாத்தான வருது? டிவியில கோளாறுன்னா எழுத்துமில்ல மஞ்சளா வரணும்? காலையில செய்தி வாசிச்ச பொம்பள நல்லாத்தான இருந்தா?"

திலீபன் ரிமோட்டத் தொடையில தட்டிக்கிட்டான். "மாப்ள ரூமுல குண்டு பல்பு போட்டிருக்கானுக. அந்த மஞ்சதான் இங்கன வருது. நம்ம பக்கம் கலரக் கொறச்சுட்டாச் சரியாப் போயிரும்"ன்னான்.

"அப்பக் கொற"ன்னாக கோட்டைச்சாமி. "பேசிக்கிட்டே இருந்தா?"

திலீபன் நீலத்தக் கூட்ட ஆரம்பிச்சான்.

"நீலத்தக் கூட்டுனா மஞ்ச அமுங்கும் மாமா."

"திராட்சக்கு மருந்து கலக்குற தொட்டியில மயில்துத்தம் போடுற மாதிரி கொஞ்சங் கொஞ்சமாப் போடு. மொத்தமாக் கொட்டிறாத."

"இப்ப எப்பிடி?"

"பொணம் மாதிரி இருக்கான் அண்ணன்"ன்னா திரிஷா. மாரியோட தங்கச்சி, ஆவணியில கல்யாணம் வச்சிருக்குற பொண்ணு.

"வாயக் கழுவுடி"ன்னா அவ ஆத்தா ஜக்கம்மா. "ஏய்யா திலீபா, கொஞ்சம் செவப்பு வையி. வெயில்ல வேல செய்ற புள்ள, அந்தச் செவப்பு இருக்கணும்ல."

"மூக்கு மட்டும் ஊதாவா இருக்கே"ன்னா திரிஷா.

"அவன் மூக்கு சின்னப்புள்ளையில இருந்தே அப்பிடித்தான்."

டிவிக்குள்ள நின்ன மாரி சிரிச்சான். சிரிச்சதும் இருமல் வந்துச்சு. இருமி முடிக்கிறதுக்குள்ள திலீபன் இன்னும் ரெண்டு அமுக்கு அமுக்குனான். மூஞ்சியில இருந்த மஞ்ச மெதுவா வடிஞ்சு, பழைய மாரிசெல்வம் வந்து நின்னான். ஜக்கம்மா ரெண்டு கையையும் கன்னத்துல வச்சுக்கிட்டா.

"இப்பத்தான்டா எம்புள்ள எம்புள்ளயா இருக்கான்."

"நல்லா இருக்கேனாம்மா?"

"ராசா கணக்கா இருக்கடா."

"அப்பச் சரி. இங்கன ரூமுல ஒரு ஒடஞ்ச கண்ணாடி, சோப்புக் கறையாக் கெடக்கு. அதுல பாத்தா எனக்கே ஒரு மாதிரியா இருந்துச்சு. கண்ணாடிதான் போல."

இத்தன நேரமும் இவுக தங்களத்தான் ஏமாத்திக்கிட்டு இருந்தாகன்னு தேவயானி நெனச்சிருந்தா. இப்ப அவனையும் சேத்து ஏமாத்தியாச்சு.

திலீபன் காப்பி குடிச்சிட்டு, ரிமோட்ட டிவி மேல வச்சிட்டுப் போனான். அவன் தல மறஞ்சதும் தேவயானி மாமனாருகிட்ட வந்தா.

"மாமா, இது டிவி இல்ல. ஒங்களுக்கே தெரியும். சோறு எறங்கலங்கிறாரு. கறி வாடையே ஆகலங்கிறாரு. மூத்திரம் கடுங்காப்பி மாதிரி போகுதுன்னு எங்கிட்டச் சொன்னாரு. காமாலயா இருக்கும்னு பயமா இருக்கு. வரச்சொல்லி ஆஸ்பத்திரியில காட்டுவோம்."

கோட்டைச்சாமி வாசப் பக்கம் ஒரு பார்வ பாத்துட்டு, குரலத் தணிச்சாக.

"அந்த வார்த்தைய இந்த வீட்டுல சொல்லாத ஆத்தா. ஆவணியில கல்யாணம். மஞ்சக்காமாலன்னு ஜெயமங்கலத்து மாப்ள வீட்டுக்காரவுக காதுல விழுந்துச்சுன்னா என்ன பேசுவாக? குடிச்சு ஈரல் வெந்த பயன்னு பேசுவாக. குடிகாரப் பய தங்கச்சிய எடுக்கணுமான்னு கேப்பாக."

"அவரு குடிக்க மாட்டாருன்னு ஊருக்கே தெரியும் மாமா."

"ஊருக்குத் தெரியும். ஜெயமங்கலத்துக்குத் தெரியுமா? கல்யாணம் முடியட்டும், மறுநாளே வரட்டும். நானே கூட்டிப் போறேன்."

"ஆவணி வரைக்கும் தாங்குமா?"

"இப்பத்தான நல்லா இருந்தான், பாத்தேல்ல?"

நெசமாவே நம்பித்தான் சொல்றாகளா, இல்ல நம்பணும்னு சொல்றாகளான்னு தேவயானிக்குத் தெரியல. எது உண்மையா இருந்தாலும் அருவருப்பா இருந்துச்சு.

மாரி மூஞ்சிக்கு வச்ச கலரு அன்னைக்கிருந்து எல்லாருக்கும் வந்துச்சு. செய்தி வாசிக்கிறவுக கழுத்து நீலம். சமையல் நிகழ்ச்சியில கொதிக்கிற சாம்பாரு, வாசல் கழுவுன தண்ணி மாதிரி. வாழப்பழம் சாம்பக் கலரு. நகைக்கடை விளம்பரத்துல பொண்ணு கழுத்து நெறைய ஈயத்த மாட்டிக்கிட்டு நிப்பா. "தங்கம்னே தெரியல, நான் எதப் பாத்து டிசைன் சொல்றது?"ன்னு திரிஷா மொணங்குவா. அந்தக் கலர மாத்தச் சொல்ல ஒருத்தருக்கும் வாயி வரல. நீல மூஞ்சிக்காரவுக நீலக் கண்ணீரு விடுறதப் பாத்துக்கிட்டே ஜக்கம்மா முந்தானையில மூக்கச் சிந்துவா. கோட்டைச்சாமி, "கேக்குறதுக்குத்தான செய்தி, கலரு எதுக்கு"ன்னு சொல்லிக்கிட்டுச் சோத்தப் பெசைவாக. சாயந்தரம் மகன் வருவான். அவன் ஒருத்தன் மட்டும் அந்த டிவியில மனுசன் மாதிரி இருப்பான். "நல்லா இருக்கடா"ன்னு எல்லாரும் சொல்லுவாக. அவனும் "ஆமா, பரவால்ல"ம்பான்.

தேவயானி போன்ல பாத்தா மஞ்சளாத்தான் தெரியும். அதையும் திலீபன் விட்டு வைக்கல. கண்ணு கூசாம இருக்க போன்ல ஒரு மஞ்ச வெளிச்சம் போட்டிருக்க, அதான் அப்பிடின்னான். அவ அத அணச்சுப் போட்டும் பாத்தா. புருசன் கண்ணு பழுத்த எலுமிச்சங்கா மாதிரிதான் இருந்துச்சு.

"அங்கன என்னதான் தண்ணி குடிக்கிறீக?"ன்னு தனியாக் கேட்டா.

"கெணத்து வெள்ளம்தான்." அங்கன இருந்து இருந்து தண்ணிய வெள்ளம்னே சொல்லப் பழகிட்டான். "கக்கூசுத் தொட்டிக்கும் கெணத்துக்கும் நடுவுல ஒரு செவுருதான். மழைக்குத் தொட்டி நெறஞ்சு செவுரு ஊறிக் கெடக்கு. தண்ணி மேல நொர மாதிரி மெதக்குது. கைய வச்சு ஒதுக்கிட்டு மோந்துக்குவோம்."

அவ போனத் தள்ளி வச்சிட்டா.

மறுநாள் தோட்டத்துல, பந்தலுக்கு அடியில குனிஞ்சபடி பழம் கழிக்கையில, பக்கத்துல நின்ன யுவராணிகிட்டச் சொன்னா. காத்துக்குப் பந்தக் கம்பி விர்விர்ருன்னுச்சு. மேல இருந்து புளிச்ச சாறு கழுத்துப் பொடதியில சொட்டுச்சு.

"டிவியில பாத்தா ஒண்ணு, போன்ல பாத்தா ஒண்ணு. எது நெசம்னு சொன்னா யாரு கேக்குறா?"

"டிவியக் குப்பையில போடு"ன்னா யுவராணி. "காலையில மொத மூத்திரத்த ஒரு கப்புல புடிக்கச் சொல்லு. ரெண்டு பருக்க வெள்ளச் சோத்த அதுல போடச் சொல்லு. சாயந்தரம் பாத்தா, காமாலன்னா பருக்க மஞ்சளா இருக்கும். இல்லன்னா வெள்ளையாவே கெடக்கும். எங்க அண்ணனுக்கு எங்க ஆத்தா அப்பிடித்தான் பாத்துச்சு."

"சீ."

"என்ன சீ? இவ்வளவு நேரமா அழுகல்ல கைய விட்டுக்கிட்டு நிக்கிற. மூத்திரத்துக்குச் சீயாம்ல."

தேவயானி சாயந்தரமே அவனுக்குச் சொன்னா. மொதல்ல சிரிச்சான். அப்பறம் வெக்கப்பட்டான். ரூமுல எல்லாப் பயலும் இருப்பானுகன்னான். "செய்ங்க"ன்னா. பாத்துட்டு எங்கிட்டத் தனியாச் சொல்லுங்கன்னு சொல்ல மறந்துட்டா.

அதுக்கு மறுநாள் சாயந்தரம், வீட்டுல எல்லாரும் சாப்பிட ஒக்காந்திருந்தாக. சுடு சோறு, மொச்சக் கொழம்பு, கருவாடு. நடுக்கூடத்துல டிவி. மாரி வந்ததும் வராததும், ஒரு காகிதக் கப்ப கேமராவுக்கு நேரா நீட்டுனான். கூடம் முழுக்கக் கப்புதான் தெரிஞ்சுச்சு.

"என்னடா அது, பாயாசமா?"ன்னா ஜக்கம்மா.

"இல்லம்மா. தேவயானி சொன்னா. மூத்திரத்துல சோறு போட்டிருக்கேன்."

கோட்டைச்சாமி கையில எடுத்த உருண்ட அப்பிடியே நின்னுச்சு. திரிஷா தட்ட எடுத்துக்கிட்டு எந்திரிச்சுட்டா. "கருமம், சாப்பிடுற நேரத்துல"ன்னு சொல்லிக்கிட்டே போனவ, அடுப்படி நெலையில நின்னு எட்டிப் பாத்தா.

"எதுக்குடா இந்தக் கண்றாவி?"ன்னாக கோட்டைச்சாமி.

"காமாலன்னா சோறு மஞ்சளா இருக்குமாம்ப்பா. இங்கன ரூமு வெளிச்சத்துல எனக்குச் சரியாத் தெரியல. அங்கன பெருசாத் தெரியும்ல, பாத்துச் சொல்லுங்க."

எல்லாரும் பாத்தாக. அவுக வச்ச கலருல, கப்புக்குள்ள கெடந்த பருக்க மல்லியப்பூ மாதிரி வெள்ளையா இருந்துச்சு.

ஜக்கம்மா பெருமூச்சு விட்டா. "வெள்ளையாத்தான இருக்கு, வெள்ள வெளேர்னு."

"ஏலே மாரி, ஒனக்கு ஒண்ணுமில்லடா"ன்னாக கோட்டைச்சாமி. "இனிமே இந்த மாதிரிக் கழிசடை வேலயெல்லாம் செஞ்சு சாப்பிடுற நேரத்துல காட்டாத. ஒம்பொண்டாட்டி பேச்சக் கேட்டா மூத்திரத்தக் குடிக்கக்கூடச் சொல்லுவா." சொல்லிட்டு நின்ன உருண்டைய வாயில போட்டாக. கொழம்புல இருந்து ஒரு கருவாட்டுத் துண்ட எடுத்துச் சப்புனாக.

மகன் மூத்திரத்தப் பாத்துக்கிட்டே அவுக மென்ன அந்தச் சத்தம் தேவயானி காதுல கேட்டுச்சு. அவ எந்திரிச்சா. எச்சிக் கையோட ரிமோட்ட எடுத்தா. திலீபன் அமுக்குனத அன்னைக்குப் பூராம் பாத்துக்கிட்டு நின்னவ அவ. மெனு, பிக்சரு, கீழ கடேசியில ரீசெட்டு. எல்லாம் பழையபடி ஆகிரும், சரியான்னு கேட்டுச்சு. சரின்னு அமுக்குனா.

ஒரு நொடி படம் கருத்துச்சு. திரும்பி வந்தப்ப, மாரி பின்னாடி இருந்த செவுத்துச் சுண்ணாம்பு வெள்ளையா வந்துச்சு. கொடியில தொங்குன செவப்புத் துண்டு செவப்பா வந்துச்சு. அங்கன எரிஞ்சது குண்டு பல்பே இல்ல, வெள்ளை டியூப்லைட்டு. கப்புக்குள்ள சோறு, மஞ்சப்பொடி போட்டு வெரவுன மாதிரிக் கெடந்துச்சு. கப்புக்குப் பின்னாடி அவன் மூஞ்சி. கண்ணுல வெள்ளையே இல்ல.

திரிஷா அடுப்படி நெலையப் புடிச்சுக்கிட்டா.

"என்ன, யாரும் பேச மாட்டேங்கிறீக?"ன்னான் மாரி. "வெள்ளையாத்தான இருக்கு?"

"இல்லங்க"ன்னா தேவயானி. "மஞ்சளா இருக்கு. ஒங்க கண்ணு அதவிட மஞ்சளா இருக்கு. இத்தன நாளும் டிவியில நீலத்தப் போட்டு மறச்சு வச்சிருந்தாக. அத எடுத்துட்டேன்."

மாரி கப்பக் கீழ எறக்குனான்.

"அந்தக் கலரப் பழையபடி வை"ன்னாக கோட்டைச்சாமி.

தேவயானி திரும்பிப் பாத்தா. "எதுக்கு மாமா?"

"வைன்னா வை. நாளைக்குப் பத்திரிக்க வெவரம் பேச மாப்ள கார்த்திக்ராஜும் அவுக ஆத்தாவும் வாராக. அந்நேரம் பாத்து இவன் கூப்பிட்டான்னா? இந்த மூஞ்சியோட?"

போன் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அவன் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தான்.

"சரிப்பா"ன்னான். "நாளைக்கு நான் கூப்பிடல."

அந்தச் 'சரிப்பா'வுக்கு அப்பறம் அந்தக் கூடத்துல நிக்கவே அவளுக்குக் கூசுச்சு. சோறு, கொழம்பு, அந்த மனுசன் மீசையில ஒட்டியிருந்த கருவாட்டு முள்ளு, எல்லாமே ஒரே அழுகலாத் தெரிஞ்சுச்சு. ரிமோட்ட மாமனாரு தட்டுக்குப் பக்கத்துல வச்சா.

"நீங்களே வச்சுக்கங்க. ஏங்க, நீங்க நாளைக்குக் கூப்பிட வேணாம். நான் அங்கன வர்றேன். விடியவும் கூட இருக்குற யாரையாச்சும் கூட்டிக்கிட்டு அங்கன இருக்குற கவர்மெண்டு ஆஸ்பத்திரியில போய் ஒக்காருங்க. அந்தத் தண்ணியத் தொடாதீக."

"நீ எதுக்குடி அம்புட்டுத் தூரம், தனியா..."

"வர்றேன்."

கோட்டைச்சாமி கத்துனாக. பொம்பள தனியா மலையாளத்துக்குப் போறதான்னாக, கல்யாண வீடுன்னாக, போனா திரும்பி வராதன்னாக. அவ பின்வாசல்ல போயி வாய் கொப்பளிச்சா. கொப்பளிச்சுக்கிட்டு இருக்கையில பின்னாடியே ஜக்கம்மா வந்து நின்னா.

"எனக்கு மொத நாளே தெரியும்டி."

தேவயானி வாயத் தொடச்சுக்கிட்டு நிமிந்தா.

"பெத்தவளுக்குத் தெரியாதா? ஒயரு, பல்புன்னு திலீபன் சொன்னதெல்லாம் நான் நம்பல. பொம்பளப்புள்ள கல்யாணம் நின்னு போச்சுன்னா அவ கதி என்ன? மாரி ஆம்பள, தாங்கிக்கிருவான்னு நெனச்சேன். நெதமும் நல்லா இருக்கான், நல்லா இருக்கான்னு சொல்லிச் சொல்லி, பாதி நெசம்னே ஆகிப்போச்சு எனக்கு."

"எல்லாம் தெரிஞ்சுதான் கொஞ்சம் செவப்பு வையின்னு சொன்னீகளா?"

ஜக்கம்மா செம்ப எடுத்து அவ எச்சிக் கையில தண்ணி ஊத்துனா. மாமனாரு மேல வந்த கோவத்தவிட இவ மேல வந்த கசப்பு அதிகமா இருந்துச்சு தேவயானிக்கு. அந்த மனுசன் பாக்காம இருந்தாக. இவ பாத்துக்கிட்டே இருந்திருக்கா.

விடிஞ்சும் விடியாமப் பையத் தூக்கிக்கிட்டுக் கெளம்புனா. தெருமுக்குல ஜக்கம்மா, சேல ஓரமெல்லாம் சேறா நின்னா. வாய்க்காக் கரையில புடுங்குன கீழாநெல்லி, வேரோட, மண்ணோட ஒரு பாலித்தீன் பையில.

"கழுவி அரச்சு மோருல குடு."

"ஆஸ்பத்திரியில கேட்டுக் குடுக்குறேன்."

"யாரு கேட்டாலும் ஆத்தா வீட்டுக்குப் போறேன்னு சொல்லு. இந்த ஒண்ணு மட்டும் எனக்காகச் செய்யி தாயி."

தேவயானி பைய வாங்கிக்கிட்டா.

கம்பம் பஸ்ஸு வந்துச்சு. அங்கன எறங்கிக் குமுளி பஸ்ஸு புடிக்கணும். உள்ள ஊர்க்காரவுகதான் பாதிப்பேரு. பூ மூட்ட, காய்கறிச் சாக்கு, ஈரக் கொடையில இருந்து சொட்டுற தண்ணி. ஜவுளிக்கட வச்சிருக்குற சாராளு, கம்பத்துக்குச் சரக்கெடுக்கப் போறவ, நகந்து எடங்குடுத்தா. ஊருல எந்தச் சேதியா இருந்தாலும் சாராளு கடையில துணியோட சேத்து அளந்து குடுப்பா. கல்யாணச் சேல ஜெயமங்கலத்துக்காரவுக எடுத்ததும் அங்கனதான்.

"என்ன தேவயானி, கல்யாணத்த வச்சுக்கிட்டுக் காலங்காத்தால பையும் கையுமா? எங்கன பயணம்?"

தேவயானி ஜன்னலுக்கு வெளிய பாத்தா. சாரல் கண்ணாடியில கோடு கோடா எறங்குச்சு. ஆத்தா வீட்டுக்குன்னு சொல்றது ஒண்ணும் கஷ்டமில்ல. சொல்லிட்டா அதுக்கப்பறம் அதையே சொல்லணும். அவன் வந்ததுக்கப்பறமும், நடு வீட்டுல அவன ஒளிச்சு வச்சுக்கிட்டு, வேற ஏதாச்சும் சொல்லணும்.

"கேரளாவுக்குப் போறேங்க்கா. எம்புருசனுக்கு மஞ்சக்காமால. கெட்ட தண்ணியக் குடிச்சு வந்திருச்சு. கூட்டியாரப் போறேன்."

பஸ்ஸு சத்தத்துக்கு மேல கேக்குற மாதிரித்தான் சொன்னா. முன் சீட்டுல இருந்த தலையெல்லாம் திரும்புச்சு. கண்டக்டரு சீட்டுக் கிழிக்கிறத நிறுத்திட்டுப் பாத்தாரு.

"ஐயய்யோ, பாவமே"ன்னா சாராளு. சொல்லிக்கிட்டே மடியில இருந்த பைய அந்தப் பக்கம் மாத்தி வச்சு, முந்தானைய இழுத்துச் சுருட்டிக்கிட்டு, சீட்டு ஓரத்துக்கு நகந்தா.

தேவயானி கெடச்ச எடத்துல நல்லா அகலமா ஒக்காந்துக்கிட்டா.